பெட்டி கிழக்கே என்றது, பூனை மேற்கே இருந்தது

திருவள்ளூர் வனத்துறை அலுவலகத்தில் மாடிப்படி ஏறியதும் இடதுபக்கச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கையில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு, பெரிய மீன்முள்ளை வானத்துக்குக் காட்டுகிறவன் மாதிரி நிற்பது நான்தான். அப்போது தலையில் கொஞ்சம் முடி இருந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருப்பதையும் படித்திருப்பீர்கள்: "துல்லியமான ரேடியோ கண்காணிப்பால் தாய்ப்பூனையும் குட்டிகளும் மீட்கப்பட்ட தருணம்." புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாளே அங்கே நிறுத்தி, "பாருங்கள், வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்கிறார்களாம்.

அந்த வாசகம் பொய். எழுதியவன் நான்.

பயிற்சிக் கையேட்டுக்கு அனுபவம் எழுதிக் கொடுங்கள், இளைஞர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். ஊக்கம் கொடுக்கிற வேலையை அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும், அதற்குத்தான் சுவர் நிறையப் படம் இருக்கிறதே. நான் ஓய்வு பெற்றாயிற்று, சால்வையும் போட்டாயிற்று, இனிமேல் என்னை எங்கேயும் மாற்றல் செய்ய முடியாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன். அச்சில் வருமா என்பது அவர்கள் தைரியத்தைப் பொறுத்தது.

பழவேற்காடு ஏரிப் பக்கத்துச் சதுப்பில் மீன்பிடிப் பூனைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன சமயம் அது. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு இருக்கும், சாம்பல் உடம்பில் கறுப்புப் புள்ளி, குட்டை வால், தண்ணீரில் குதித்து மீன் பிடிக்கும் ஜாதி. எண்ணிக்கையைக் கூட்ட ஆந்திரப் பக்கத்திலிருந்து ஆறு பூனைகளைக் கொண்டுவந்து, இருக்கும் இடத்தைப் போனில் புள்ளியாகக் காட்டும் ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி, நாணல் ஓரத்தில் விட்டோம். விட்ட அன்றைக்கு மேடை, மைக், பூங்கொத்து எல்லாம் இருந்தது. கூண்டைத் திறந்ததும் முதல் பூனை மேடையின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. வந்திருந்தவர்களிலேயே விவரமானது அதுதான்.

ஆறு பூனைகளும் எங்கே போகும் என்று ஒரு வரைபடம் தயார் செய்திருந்தோம். நாணல் பச்சை நிறம், நீர் நீல நிறம், பூனை போகும் வழி அழகான அம்புக்குறி. பூனைகளுக்கு அந்த வரைபடத்தைக் காட்ட மறந்துவிட்டோம். அவை வாய்க்கால் வழியாக நடந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆலைகளின் பின்பக்கம் கழிவுநீர்க் கால்வாய் இருந்தது, கால்வாயில் கெளுத்தி மீன் இருந்தது, மேடை மட்டும் இல்லை.

என் முதல் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் எண் ஆண் பூனை. மூடிக்கிடந்த ஒரு ஆலையின் வளாகத்தில் அதன் புள்ளி இரண்டு நாளாக ஒரே இடத்தில் நின்றது. நான் ரயில்நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, போனில் புள்ளியைப் பார்த்து, "ஓய்வில் உள்ளது" என்று எழுதினேன். பூனை பகலெல்லாம் தூங்கும், அது எனக்குத் தெரியும், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. மூன்றாம் நாள் ஒரு சந்தேகத்தில் சுவர் ஏறிக் குதித்துப் பார்த்தேன். காலித் தண்ணீர்த்தொட்டி, வழவழவென்று சிமெண்ட் பூசியது, ஆள் உயரத்துக்கு மேல். உள்ளே செத்துக் கிடந்தது. முன்னங்கால் நகமெல்லாம் தேய்ந்து, சுவரில் கோடு கோடாக ரத்தம் காய்ந்திருந்தது. எத்தனை முறை ஏறப் பார்த்ததோ! நான் அந்தத் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அறிக்கையில் எங்கள் அதிகாரி "இயற்கை மரணம்" என்று போட்டார்.

அன்றைக்கு நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன்: புள்ளி நின்றால் உடனே நேரில் போக வேண்டும். அது அரைப்பாடம் என்று அப்போது தெரியாது.

அடுத்தது ஐந்தாம் எண், பெண் பூனை. விட்ட பெண் பூனைகளில் அது ஒன்றுதான் உயிரோடு மிஞ்சியிருந்தது, வயிறு பெரிதாகிக்கொண்டு வந்ததைத் தானியங்கிக் கேமராவில் பார்த்திருந்தோம். அது குட்டி போட்டு, குட்டி பிழைத்தால் திட்டம் பிழைக்கும். இல்லாவிட்டால் அம்புக்குறி மட்டும் மிஞ்சும். ஒரு வாரமாக அதன் புள்ளி ஒரு இரும்பு உருக்காலையின் பின்கட்டில் வந்து வந்து போனது. பிறகு மொத்தமாக மறைந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் உடனே அதிகாரியின் செய்தி வந்தது: "உடனடி நடவடிக்கை எடுக்கவும்." கூடவே கைகூப்பும் படம். என்ன நடவடிக்கை என்று கேட்டேன், இன்னொரு கைகூப்பும் படம் வந்தது.

நான் காலையிலேயே ரிசீவரையும் ஆன்டெனாவையும் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போனேன். பின்கட்டு முழுக்கப் பழைய இரும்பு. கிழக்கே ஒரு குவியல், நசுங்கிய கார் கூடும் தகரமும். மேற்கே ஒரு குவியல், குழாயும் பழைய பீப்பாயும். இரண்டுக்கும் நடுவே கிரேன். அதன் நுனியில் லாரி டயர் அகலத்துக்கு ஒரு காந்தத் தட்டு. கரண்ட் விட்டால் இரும்பெல்லாம் ஒட்டிக்கொண்டு மேலே போகும், அப்படியே கொண்டுபோய் உலை வாயில் கொட்டுவார்கள். காலையிலிருந்து மாலை வரை அந்தக் குவியல்கள் கரைந்துகொண்டே இருக்கும், லாரி வந்து திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கும். அதில்தான் எங்கள் பூனை பிரசவத்துக்கு இடம் பார்த்திருந்தது.

ஆலை மேலாளர் இஸ்திரி கலையாத சட்டையில் வந்தார். மரியாதையான மனிதர், டீ கூட வரவழைத்தார்.

"வேலையைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும் சார்" என்றேன்.

"ஃபர்னஸ் ஓடிக்கிட்டிருக்கு சார். பாதியில நின்னா உள்ள உருகுனது அப்படியே கல்லாயிடும். பூனைக்காக நிறுத்தினேன்னு சொன்னா, முதலாளி என்னையே தூக்கி உள்ள போட்டுடுவாரு." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். ரெண்டு குவியல் இருக்கு. உங்க பூனை எதுல இருக்குன்னு சொல்லுங்க, அதைத் தொடாம இன்னொண்ணுல எடுக்குறோம். பத்து நிமிஷம் போதுமா?"

நியாயமான பேரம். பத்து நிமிஷம் எனக்கு எதற்கு, ஐந்தே போதும் என்று சொன்னேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ரிசீவரைப் போட்டேன். போனில் புள்ளி மறைந்தாலும், பக்கத்தில் போனால் பட்டையின் ரேடியோ அலை அதில் கேட்கும். டிக் டிக் என்று சத்தம் வந்தது. ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினால் சத்தம் ஓங்கியது, மேற்கே திருப்பினால் தேய்ந்தது. இரண்டு சுற்று சுற்றினேன். தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு அம்மா, இரும்பு தரம் பிரிக்கும் காண்ட்ராக்டு வேலை, ஐம்பதை ஒட்டிய வயது, கையில் கிழிந்த கையுறையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தாண்ட இன்னா தேடுற? பூனை இந்தாண்ட கீது."

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"பூனையப் பாக்கல. காத்தால பீப்பா மேல ஈரக்கால் தடம் பாத்தேன். மீன் கவுச்சி வேற அடிக்குது. இரும்புல ஏது சார் மீன் கவுச்சி?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, "இது வெளிநாட்டு மெஷின்மா, பொய் சொல்லாது" என்றேன்.

"அது பொய் சொல்லுதுன்னு நான் சொன்னனா? அதுக்குக் கண்ணு இல்லியே சார்."

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷ அனுபவம், சான்றிதழ், கழுத்தில் அடையாள அட்டை, இவர்கள் எனக்குச் சொல்லித்தருவதா? மேலாளரிடம் போய் உறுதியாகச் சொன்னேன்: "கிழக்குக் குவியல் சார். மேற்குல தாராளமா எடுங்க."

தம்பி தங்கைகளே, இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பட்டையிலிருந்து வரும் அலை நேராக உங்கள் கைக்கு வருவது நாணல் காட்டில். இரும்புக்கு நடுவில் அது நேராக வராது, தகரத்தில் மோதித் திரும்பி வரும். மேற்கே இருந்த பூனையின் சத்தம் கிழக்கே இருந்த கார் கூடுகளில் பட்டு எனக்கு வந்துகொண்டிருந்தது. இந்தப் பாடத்தைப் பயிற்சி வகுப்பில் நான்தான் மற்றவர்களுக்கு நடத்துவேன். கரும்பலகையில் படம் போட்டு நடத்துவேன். பிரச்சினை என்னவென்றால், தொட்டியில் செத்த பூனையை நினைத்து நான் ஓடி வந்திருந்தேன். சீக்கிரம் ஒரு பதில் வேண்டும் என்று தவித்தேன், பெட்டி ஒரு பதில் கொடுத்தது, பிடித்துக்கொண்டேன்.

கிரேன் மேற்கே திரும்பியது. காந்தம் இறங்கி, நாலைந்து பீப்பாயையும் குழாயையும் கவ்விக்கொண்டு மேலே போனது. இரண்டு ஆள் உயரம் போயிருக்கும். அப்போது குவியலின் அடியிலிருந்து ஐந்தாம் எண் சீறிக்கொண்டு வெளியே வந்தது! பகல் வெளிச்சத்தில், அத்தனை ஆட்களுக்கு நடுவில், காட்டுப் பிராணி அப்படி வந்து நிற்காது. வந்து நின்றது. மேலே தொங்கும் பீப்பாய்களைப் பார்த்துக் கத்தியது. மேலேயிருந்து மெல்லிய குரலில் பதில் வந்தது. குட்டிகள் பீப்பாய்க்குள் இருந்தன. கிரேன் உலைப் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது.

கையைக் காலை ஆட்டிக்கொண்டு நான் கத்திய கத்தல் இதுதான்: "ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணு!"

நிபுணர் கத்துகிறார், கேளுங்கள்! காந்தத்தில் கரண்ட்டை ஆஃப் பண்ணினால் என்ன ஆகும்? அத்தனை இரும்பும் அந்த உயரத்திலிருந்து தொப்பென்று விழும், குட்டிகளோடு, தாயின் தலைமேல். மேலாளரும் பதறிப்போய் என் கூடச் சேர்ந்து "ஆஃப் பண்ணுப்பா!" என்று கத்தினார். இரண்டு படித்தவர்கள் சேர்ந்து அந்தக் குடும்பத்தை முடித்துவிடப் பார்த்தோம். நல்லவேளை, அந்த இரைச்சலில் மேலே கேபினில் இருந்த ஆப்பரேட்டருக்கு எங்கள் குரல் கேட்கவில்லை.

அந்த மாதிரி இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. கிரேன் ஆப்பரேட்டர் காதை நம்ப மாட்டார், கீழே இருப்பவர் கையை மட்டும்தான் பார்ப்பார். தூக்கு, திருப்பு, இறக்கு என்று காட்டுவதற்கு ஒரே ஒரு ஆள், வேறு யார் காட்டினாலும் ஏற்கமாட்டார். ஆனால் 'நிறுத்து' என்று மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும், கூட்டிப் பெருக்குகிறவர் காட்டினாலும். அந்தக் காட்டும் ஆள் அப்போது உலைப் பக்கம் இருந்தார்.

தலையில் துணி கட்டிய அம்மா ஓடவில்லை, கத்தவில்லை. பாரம் தொங்கும்போது யாரும் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்துபோய், ஆப்பரேட்டர் கண்ணுக்கு நேராக நின்று, இரண்டு கையையும் அகல விரித்து உயர்த்தினார். கிரேன் நின்றது. பீப்பாய்கள் காற்றில் ஆடின. பிறகு ஒரு உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போல மெல்ல மெல்லத் தாழ்த்தினார். ஆப்பரேட்டர் ஒரு கணம் யோசித்திருப்பார், அந்த அம்மா காட்டும் ஆள் இல்லையே என்று. அப்புறம் அந்தக் கைக்கே இறக்கினார், சாண் சாணாக. பீப்பாய் தரையைத் தொட்டதும் அந்த அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்ட, காந்தம் விட்டது. ஒரு சத்தம் இல்லை.

குனிந்து பார்த்தேன். ஒரு பீப்பாயின் உள்ளே கோணிச் சாக்கின் மேல் இரண்டு குட்டிகள், இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. நான் உடனே கையுறையை மாட்டினேன். ஜீப்பில் எடுத்துப்போய் அலுவலகத்தில் வைத்துவிடலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு இன்னும் ஒரு தப்பு செய்ய எனக்குத் தெம்பு இருந்தது.

"இன்னா சார் பண்ற?" என்றார் அந்த அம்மா. "அதோ அம்மாக்காரி பாத்துக்கினு கீறா. நீ தூக்கிக்கினு போனா அவ எங்க வந்து கேப்பா? நவுரு. எல்லாரும் நவுந்துக்கோங்க."

கையுறையைக் கழற்றினேன். எல்லாரும் நகர்ந்தோம். மேலாளரும் நகர்ந்தார். கிரேன் கிழக்கே திரும்பி வேலையைத் தொடர்ந்தது, உலை நிற்கவில்லை, யாரையும் உள்ளே போடவில்லை. சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் ஐந்தாம் எண் வந்தது. ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு பின்சுவர் ஓட்டை வழியாகக் கால்வாய் நாணலுக்குள் போனது. அரை மணி கழித்து வந்து இன்னொன்றையும் கொண்டுபோனது. அந்த அம்மா ஷிஃப்டு முடிந்தும் போகாமல் டப்பாவில் மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் போய்ச் சேந்துச்சா? அப்ப நானும் கெளம்புறேன், ஊட்ல தேடுவாங்க" என்று எழுந்து போனார். நான் சந்தோஷத்தில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மேலாளர் போனில் படம் எடுத்தார். சுவரில் இருப்பது அந்தப் படம்தான். எல்லாம் முடிந்த பிறகு எடுத்தது, ரிசீவர் ஆஃபில் இருந்தது.

மறுநாள் ஆலையிலிருந்து அதிகாரிக்குக் கடிதம் வந்தது: கிரேனை நிறுத்தச் சொன்னது யார், எழுத்தில் வேண்டும். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ட்ராக்கர், அதாவது நீங்க, நிறுத்தினதா போடுங்க" என்றார். "இரும்பு பொறுக்குற அம்மா கவுச்சியை வச்சுக் கண்டுபிடிச்சாங்கன்னு எழுதினா மேலிடத்துல சிரிக்க மாட்டாங்களா? நாமதானே நிபுணர்."

"கிழக்குன்னு நான் சொன்னது சார்..."

"அதை எதுக்கு எழுதணும்?"

நான் எழுதவில்லை. சிக்னல் ஆரம்பத்திலிருந்தே மேற்கைக் காட்டியதாகவும், தக்க சமயத்தில் ட்ராக்கர் நிறுத்தக் காட்டியதாகவும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். என் மானம் பிழைத்தது. படத்துக்குச் சட்டம் போட்டார்கள்.

அந்தக் காகிதம் ஆலைக்குப் போய் என்ன செய்தது என்று இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நிறுத்தக் காட்டியவன் நான் என்றால், அந்த அம்மா எதற்குக் கோட்டைத் தாண்டினார்? 'நிறுத்து' என்று காட்டியிருந்தால் அது அவர் உரிமை, யாரும் கேள்வி கேட்க முடியாது. என் அறிக்கையில் அது இல்லை. அதனால் மிஞ்சியது, தொங்கும் பாரத்துக்குக் கீழே அனுமதியில்லாமல் நின்றார், தனக்கு உரிமையில்லாத கைச்சைகை காட்டினார் என்பதுதான். காண்ட்ராக்டர் அடுத்த வாரமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பாதுகாப்பு விதியாம்.

கேமராவில் குட்டிகள் இரண்டும் நாணல் ஓரம் மீன் தின்னும் படம் வந்த அன்றுதான் எனக்கு இது தெரியவந்தது. குழுவில் எல்லாரும் கைதட்டும் படமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெட்கம் தாங்காமல் நேரே ஆலைக்கு வண்டியை விட்டேன். அறிக்கையை மாற்றி எழுதித் தருகிறேன், அந்த அம்மாவை எப்படியாவது கண்டுபிடிக்க வேண்டும், குட்டிகளின் படத்தையாவது காட்ட வேண்டும்.

கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

"எந்த அம்மா சார்?"

"ஸ்கிராப் பிரிப்பாங்களே. தலையில வெள்ளைத் துணி கட்டியிருப்பாங்க."

"அல்லாரும்தான் துணி கட்டிக்கினு கீறாங்க. பேரு இன்னா?"

ஆறு பூனைகளின் அலைவரிசை எண்ணும் எனக்கு மனப்பாடம், இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். காலையிலிருந்து சாயந்திரம் வரை பக்கத்திலேயே இருந்த மனுஷியின் பெயரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"காண்ட்ராக்டர்கிட்ட லிஸ்டு இருக்குமா?"

"அந்தக் காண்ட்ராக்டே மாறிப்பூட்ச்சு சார். இப்ப வேற ஆளு." வாட்ச்மேன் என் கையில் இருந்த பூனைப் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "பேரு தெரியாம நான் எங்கன்னு போய்த் தேடுறது? உன் பூனைக்காச்சும் கழுத்துல பட்டை கீது."